பினாங்குக் கடலில் நண்பர்களோடு தூண்டில் போட ஒரு நாள்: தேதி குறிப்பது முதல் கூறு போடுவது வரை

கரையோரக் கடலில் படகெடுத்துத் தூண்டில் போட நினைக்கும் நண்பர் கூட்டம் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறது. முதலில் கோல் வாங்குகிறார்கள். பிறகு எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கும் நாளைத் தேடுகிறார்கள். கடைசியில் படகு பேசுகிறார்கள். அன்று நீரோட்டம் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடலுக்குள் போன பிறகு ஈயக்குண்டு அடியில் நிற்காமல் ஓடுகிறது. ஐந்து பேருடைய தூண்டில் நரம்பும் சிக்கி ஒரே பந்தாகிறது. பகல் உச்சிக்கு வருவதற்குள் பாதிப் பேர் தலைசுற்றிப் படுத்துவிடுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை கரையிலேயே தடுக்கக்கூடியவை. பத்து மாவுங் பக்கம் படகேறி, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கால்வாயில், பூலாவ் ஜெரெஜாக் என்னும் சிறு தீவைச் சுற்றி, நான்கைந்து பேர் ஒரு பகல் தூண்டில் போட்டுத் திரும்புவதை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் பயணத்துக்கு இந்தக் கால்வாயே நல்லது. இருபுறமும் நிலம் இருப்பதால் திறந்த கடலின் அலை குறைவு. உடம்புக்கு முடியாமல் போனால் கரை அருகிலேயே இருக்கிறது. தெற்கே பூலாவ் ரீமாவ், பூலாவ் கெண்டி வரை போகும் ஆசையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நிலவைப் பாருங்கள், பிறகு விடுமுறையை

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் மிக உயர ஏறி, மிக ஆழ வற்றும். பினாங்கில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் இந்தக் குறுகிய கால்வாய் வழியே போக வேண்டும். அதனால்தான் ஓட்டம் அத்தனை வேகம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் அது உச்சத்தை எட்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இதற்கு நேர்மாறு. ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். நல்ல காரியத்துக்கு ஆகாதென்று நாம் தவிர்க்கும் நாட்கள்தான் புதியவர் தூண்டில் இறக்க வசதியானவை. ஆனால் நவமி, தசமியில் தண்ணீர் அசைவே இல்லாமல் கிடக்கும் நேரம் அதிகம். அப்போது மீனும் இரை தேடி அலையாது. புதியவர்கள் இருக்கும் படகுக்கு நான் தேர்வது ஏகாதசி, துவாதசி, அல்லது சஷ்டி, சப்தமி. ஓட்டம் இருக்கும், ஆனால் ஆளை அலைக்கழிக்காது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டித் தாளே இதற்குப் போதும்.

மலேசியாவில் நாம் கூட்டாக விடுமுறை எடுக்கும் நாட்களைப் பாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீனப் புத்தாண்டும் ஹரிராயா நோன்புப் பெருநாளும் அமாவாசையில் பிறக்கும் மாதத்தின் முதல் நாள். தைப்பூசமும் விசாக தினமும் பௌர்ணமியை ஒட்டியவை. எல்லாமே பலத்த ஓட்ட நாட்கள். திருவிழா விடுமுறையில் போய்த் திணறியவர்கள் பலர் தங்கள் கைத்திறனைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் போன நாள்தான் காரணம். மே 1, ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 போன்ற நாட்கள் நிலவோடு கட்டுப்பட்டவை அல்ல. அவை நல்ல திதியில் விழும் ஆண்டுகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாதாரண சனி, ஞாயிறு போதும்.

திதியைப் பார்த்த பிறகு மணியைப் பாருங்கள். கடற்படையின் தேசிய நீர்நிலை வரைவியல் மையமும், ஜுப்பெம் எனப்படும் நில அளவைத் துறையும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணைகளில் பினாங்குக்குத் தனிப் பக்கம் உண்டு. ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றமும் வற்றமும் மாறித் தண்ணீர் திரும்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும், திரும்பிய பின் ஒன்றிரண்டு மணி நேரமும்தான் நாளின் முக்கியமான பொழுது. காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே தண்ணீர் திரும்பும் நாளாகப் பார்த்துக் குறியுங்கள். வெயில் ஏறுவதற்குள் நல்ல வேளை உங்கள் கையில் இருக்கும்.

2. தெக்கோங்கிடம் பேசுதல்

தேதி முடிவான பிறகே தெக்கோங்கை, அதாவது படகோட்டியை, அழையுங்கள். வயதில் மூத்தவராக இருந்தால் 'பாக் சிக்' என்று மரியாதையாகவே தொடங்குங்கள். அந்தத் தேதியில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். நல்ல தெக்கோங் தயங்காமல் பதில் சொல்வார், சில சமயம் வேறு தேதியும் சொல்வார். எந்தத் தேதியானாலும் 'வாங்க, மீன் நிறைய' என்று மட்டும் சொல்பவரை நான் தவிர்ப்பேன்.

வாடகை பெரும்பாலும் தலைக்கு அல்ல, முழுப் படகுக்குப் பேசப்படும். எத்தனை மணி நேரம், எண்ணெய்ச் செலவு சேர்த்தா, இரையும் ஐஸும் அவர் தருவாரா, மழையால் போக முடியாவிட்டால் முன்பணம் என்னவாகும் என்பதையெல்லாம் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். துறையில் நின்று வாதாடினால் நட்பும் கெடும், ஏற்றமும் தவறும். ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்டு, படகேறும்போது எண்ணியும் பாருங்கள். நிழலுக்குக் கூரை உண்டா என்பதும் முக்கியம். சிறு படகுகளில் கழிப்பறை இருக்காது. பெண்கள் வருவதாக இருந்தால் இதை முன்கூட்டியே பேசி, நடுவில் ஒருமுறை துறைக்குத் திரும்ப ஏற்பாடு செய்யுங்கள்.

தீவின் தென்கரைக்கு வெளியே 2023 முதல் நில மீட்புப் பணி நடக்கிறது. பழைய இடங்களை நினைவில் வைத்துக்கொண்டு 'அங்கே போகலாம்' என்று வற்புறுத்தாதீர்கள். எந்த இடம் இன்றும் தெளிவாக இருக்கிறது என்பது தினமும் கடலில் இருப்பவருக்குத்தான் தெரியும். மீன் வளர்ப்புக் கூண்டுகளில் படகைக் கட்டுவதும் அப்படியே. அது ஒருவரின் பிழைப்பு. உரிமையாளரின் சம்மதம் தெக்கோங்குக்கு இருந்தால் மட்டும்.

3. மேற்கே மலை மறைக்கும் வானம்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை வரிசை, விடிவதற்கு முன்போ அதிகாலையிலோ மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கைத் தாக்கக்கூடும். திறந்த மேற்குக் கரையில் இருந்தால் அது கறுத்து வருவது கண்ணில் படும். நாமோ தீவின் கிழக்கே இருக்கிறோம். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலையும் அதன் தொடர்களும் மேற்கு வானத்தை மறைத்து நிற்கின்றன. மலைக்கு மேல் மேகம் தெரியும்போது மழை அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே கண்ணை நம்பாமல் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ராடார் படத்தைப் பாருங்கள். முதல் நாள் இரவு, புறப்படுமுன், பிறகு கடலில் ஒரு மணிக்கு ஒருமுறை. ஒருவரிடம் இந்த வேலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை யாரும் செய்யாத வேலையாகிவிடும். சட்டென்று குளிர்ந்த காற்று அடித்தாலோ இடி கேட்டாலோ கோல்களைப் படுக்க வைத்துவிட்டுக் கரை திரும்புங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். தெக்கோங் திரும்பலாம் என்று சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

4. எல்லோரும் ஒரே வகை நூல்

கோல் ஆறு முதல் ஏழு அடி, 4000 அளவு ரீல் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை. நான் பிடிவாதமாக நிற்பது ஒரே ஒரு விஷயத்தில்: படகில் உள்ள எல்லோரும் ஒரே வகை நூல் போட வேண்டும். பின்னல் நூல் என்றால் எல்லோரும் 30 பவுண்டு பின்னல் நூல். நைலான் நரம்பு என்றால் எல்லோரும் நைலான். மெல்லிய பின்னல் நூல் தண்ணீரில் நேராக இறங்கும். தடித்த நைலானை ஓட்டம் வளைத்துத் தள்ளும். இரண்டும் ஒரே படகில் இருந்தால் வெவ்வேறு கோணத்தில் ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சிக்கினால் பின்னல் நூல் நைலானை அறுத்தும் விடும். இரண்டு கோல் கொண்டுவரும் நண்பரிடம் ஒன்றை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் படகில் ஐந்து நூல்தான் தாங்கும்.

5. முடிச்சுகளை வீட்டிலேயே முடியுங்கள்

ஆடும் படகில் குனிந்து முடிச்சுப் போடுவதுதான் தலைசுற்றலுக்கு நேர்வழி. பெராம்புட்டை, அதாவது முள்ளும் குண்டும் கட்டிய முனை நூலை, முதல் நாள் இரவே ஆளுக்கு ஐந்தாறு கட்டி, சிறு பிளாஸ்டிக் பைகளில் தனித்தனியாகச் சுருட்டி வையுங்கள்.

புதியவருக்கு அப்போலோ அமைப்பே எளிது. 40 பவுண்டு நைலான் ஒரு மீட்டர். மேலே சுழல் வளையம், கீழே ஈயக்குண்டு, நடுவே இரண்டு கிளைகளில் 1/0 அல்லது 2/0 அளவுத் தூண்டில் முள். கிளை ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். நீளக் கிளை அழகாக மிதக்கும், ஆனால் இறங்கும்போதே நடு நூலைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று எட்டாத இடைவெளியும் இருக்க வேண்டும்.

முள்ளுக்கு யூனி முடிச்சு ஒன்றைக் கற்றால் போதும். இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலான் உராயும்போது சூடேறி அந்த இடத்திலேயே பலமிழக்கும். புதியவரின் பெரிய மீன் போகும் இடம் பெரும்பாலும் இந்த உலர்ந்த முடிச்சுதான்.

6. இரை

உயிர் இறால்தான் முதல் தேர்வு. தூண்டில் கடையில் முன்பதிவு செய்து, புறப்படும் வழியில் வாங்குங்கள். காற்றுக் குழாய் இல்லாத வாளியில் வைத்தால் துறைக்குப் போகுமுன் பாதி செத்துவிடும். சூட்டைத் தணிக்க ஐஸை நேராக வாளியில் போடாதீர்கள். உருகும் நன்னீர் உப்பு நீர் இறாலைக் கொல்லும். ஐஸைப் பாட்டிலில் அடைத்து மிதக்கவிடுங்கள். மூக்குக் கொம்புக்கு அடியில் முள்ளைக் கோக்கலாம், ஆனால் தலைக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தொடக்கூடாது. தொட்டால் இறால் அங்கேயே அடங்கிவிடும். கை நடுங்கும் புதியவர் வால் பக்கம் கோக்கட்டும்.

கூடவே கணவாய் கொஞ்சம். விரல் அகலப் பட்டையாக நீளமாக வெட்டி, ஒரு முனையில் மட்டும் குத்துங்கள். மறுமுனை ஓட்டத்தில் ஆட வேண்டும். சுருட்டிக் குத்தினால் அது முள்ளில் மாட்டிய வெறும் சதைக் கட்டி. சிறு மீன்கள் இறாலைக் கொத்தித் தீர்க்கும் நேரத்தில் கணவாய் முள்ளில் நீண்ட நேரம் நிற்கும்.

7. பெட்டியும் பையும்

ஐஸ் பெட்டி இரண்டு கொண்டுபோங்கள்: குடிநீருக்கும் உணவுக்கும் ஒன்று, மீனுக்கு ஒன்று. ஒரே பெட்டியில் எல்லாம் போட்டால் தாகத்துக்கு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மீனின் குளிர் போகும்.

காலை உணவுக்கு இட்லி, ரொட்டி, பிஸ்கட். தேங்காய்ப் பால் சோறும் எண்ணெய்ச் சம்பலும் வெறும் வயிற்றில் போய்ப் படகாட்டத்தைச் சந்திக்க வேண்டாம். வெயிலில் கெட்டும் போகும். தலைசுற்றல் மாத்திரையை மருந்தகத்தில் கேட்டு வாங்கி, படகேற ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன் விழுங்குங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும் உண்டு என்பதால் கார் ஓட்டுபவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மதுவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

முழுக்கைச் சட்டை, தொப்பி, மூக்கு நீண்ட இடுக்கி, ஒரு கத்தி, பழந்துணி, சிறு பாட்டிலில் வினிகர், ஃபிளாஸ்க் நிறையச் சுடுநீர். கடைசி இரண்டும் ஏன் என்று பத்தாம் பகுதியில் சொல்கிறேன். கைப்பேசியை நீர்புகாப் பையில் போடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். தாமதமானால் அவர் முதலில் தெக்கோங்கை அழைக்கட்டும். பதில் இல்லையென்றால் 999.

8. யார் எங்கே உட்காருவது

பினாங்கில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும். ஆறரைக்குத் துறையில் கூடினால், பொருளேற்றி அங்கி மாட்டிப் புறப்படும்போது வெளிச்சம் வந்திருக்கும். அங்கியை மடியில் வைக்காமல் அணியுங்கள். படகு வேகமெடுக்கும் நேரமும் நங்கூரம் போடும் நேரமும்தான் ஆட்கள் விழும் நேரம்.

தெக்கோங் இடத்தைப் பார்த்து முகப்பிலிருந்து நங்கூரம் போடுவார். கயிறு இறுகியதும் படகு ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும், தண்ணீர் முகப்பிலிருந்து பின்பக்கம் ஓடும். எல்லோருடைய நூலும் பின்னோக்கித்தான் போகப்போகிறது. இங்கேதான் பெரும்பாலான படகுகளில் நாள் கெடுகிறது. ஆளாளுக்குக் கையில் கிடைத்த ஈயக்குண்டைக் கட்டி இறக்குகிறார்கள். முகப்பில் இருப்பவர் லேசான குண்டு போட்டால் அவருடைய நூல் படகின் நீளம் முழுவதும் மிதந்து, பின்னால் இருப்பவர்களின் நூலையெல்லாம் வாரிக்கொண்டு போகும்.

விதி எளிது: முகப்பில் கனம், பின்னால் லேசு. முகப்பில் இருப்பவர் 150 கிராம் போட்டால் நடுவில் இருப்பவர் 120, கடைசியில் இருப்பவர் 90. முகப்பு நூல் செங்குத்தாக நிற்கும், பின்னால் உள்ளவை ஒன்றுக்கொன்று தள்ளிப் போகும். இறக்கும் வரிசையும் உண்டு. பின்னால் இருப்பவர் முதலில் இறக்கி, அடி தொட்டதும் குரல் கொடுக்க, அடுத்தவர் இறக்க வேண்டும். ஓட்டம் தளரத் தளர எல்லோரும் ஒன்றாக எடையைக் குறையுங்கள். ஒருவர் மட்டும் குறைத்தால் பழையபடி சிக்கல்.

தலைசுற்றும் நண்பரை நடுவிலோ பின்பக்கத்திலோ உட்காரவையுங்கள். முகப்புதான் அதிகம் ஏறி இறங்கும். எஞ்சின் புகை அவர் பக்கம் வரக் கூடாது. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு தொலைவில் தெரியும் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் திரும்பும்போது படகும் திரும்பும். அந்த நேரம் எல்லா நூலையும் மேலே எடுத்துவிடுங்கள். சாப்பிட அதுதான் சரியான வேளை. படகு நிலைத்ததும் வரிசையை மறுபடி தொடங்குங்கள், மீன் கடிக்கும் பொழுதும் பெரும்பாலும் அப்போதே தொடங்கும்.

9. அடி தொட்டதும், கடித்ததும்

குண்டு அடியைத் தொட்டதும் நூல் தளரும். உடனே ரீலை ஒரு சுற்றுச் சுற்றிக் குண்டைச் சற்றே தூக்குங்கள். தளர்ந்த நூலோடு விட்டால் கடி தெரியாது, முள் கல்லிடுக்கில் போய் மாட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். அடி ஆழம் மாறியிருக்கலாம்.

சிறு கொத்தலுக்கெல்லாம் கோலை வெட்டி இழுக்க வேண்டாம். இரைக்கு விளையாடும் சிறுமீன் அது. கோல் நுனி வளைந்து அப்படியே நின்றால்தான் மீன் வாய்க்குள் எடுத்திருக்கிறது. அப்போது உறுதியாக உயர்த்துங்கள்.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடிமானத்தை, நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு முன்பே அமைத்துவிடுங்கள். மீன் இழுத்து நூல் வெளியேறும்போது ரீலைச் சுற்றாதீர்கள். புதியவர்கள் பதற்றத்தில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மீன் ஓர் அங்குலம் கூட வராது, நூல்தான் முறுக்கேறி நாள் முழுதும் தொல்லை தரும். அது ஓடட்டும். நின்றதும் கோலை உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். மற்றவர்கள் தங்கள் நூலை மேலே எடுத்து இடம் கொடுக்க வேண்டும். மீன் மேலே வந்ததும் ஒருவர் தாங்குவலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடிக்க, தலை முதலில் நுழையும்படி நடத்துங்கள். வாலைத் துரத்தினால் அது மிரண்டு பாயும்.

அடியில் மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்காதீர்கள், கோல் ஒடியும். பழந்துணியைக் கையில் சுற்றி, அதன்மேல் நூலைச் சுற்றி நேராக இழுங்கள். வெறுங்கையில் பின்னல் நூல் சதையைப் பிளக்கும்.

10. தொடுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய மீன்கள்

கெலாமா, கொடுவா, ஜெனாஹாக் எதுவாக இருந்தாலும் ஈரத் துணியால் பிடித்து இடுக்கியால் முள்ளை எடுக்கலாம். ஆனால் சேற்றடியில் அடிக்கடி வருபவை செம்பிலாங்கும் கடல் கெளுத்தியும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். செம்பிலாங்கின் முள் கடும் விஷமுள்ளது. திருக்கையின் ஆபத்து வாலில். புதியவர் இவற்றைத் தொடவே வேண்டாம். தெக்கோங்கிடம் கொடுங்கள், அல்லது நூலை அறுத்துவிடுங்கள். ஒரு தூண்டில் முள்ளின் விலை சில காசுதான்.

குத்திவிட்டால் ஃபிளாஸ்க்கில் உள்ள சுடுநீரைக் கடல்நீரோடு கலந்து, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை அளவில், குத்துப்பட்ட இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் அமிழ்த்தி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும். சூட்டைப் பார்க்கக் குத்துப்படாத கையைப் பயன்படுத்துங்கள்; வலியில் உள்ள கைக்குச் சூடு தெரியாது. பிறகு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். நூலில் சுற்றி வரும் கடல் சொறியின் இழைகள் தோலில் பட்டால் தேய்க்காமல் வினிகரை ஊற்றுங்கள்.

ஊதிப் பெருக்கும் பேத்தை மீனை யார் என்ன சொன்னாலும் பெட்டியில் போடாதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. 2023-இல் ஜொகூரில் அதை உண்ட முதிய தம்பதியர் இருவரும் இறந்தார்கள்.

11. ஐஸும் கூறும்

உள்ளங்கை அளவு மீன்களைத் திரும்பக் கடலில் விடுங்கள். வைத்துக்கொள்ளும் மீனைச் செவுள் பக்கம் வெட்டி இரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் புதையுங்கள். வெறும் ஐஸ் கட்டி மீனை இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தொடும். குளிர்ந்த கடல்நீர் எல்லாப் பக்கமும் சூழ்ந்து சீக்கிரம் குளிர்விக்கும்.

துறைக்கு வந்ததும் மீனை யார் பிடித்தது என்று பிரிக்காதீர்கள். முகப்பில் கனமான குண்டோடு நின்றவர் மற்றவர்களின் நூல் சிக்காமல் காத்தார், ராடார் பார்த்தவர் பாதி நேரம் தூண்டிலே போடவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, பெரிதும் சிறிதும் கலந்து தெக்கோங்குக்கும் சேர்த்துக் கூறு போடுங்கள். ஒருவர் திரும்பி நிற்க, இன்னொருவர் கூறைத் தொட்டு 'இது யாருக்கு?' என்று கேட்க, அவர் பெயர் சொல்லட்டும். படகு வாடகையையும் அப்போதே கொடுத்து முடியுங்கள்.

அறுந்த நூல் துண்டுகள், வளைந்த முட்கள், இரைப் பைகள் ஒன்றையும் துறையில் விடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் குளிக்குமுன் கோலையும் ரீலையும் மெல்லிய நன்னீர்த் தாரையில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போகும். துடைத்து நிழலில் காயவைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை பெரிய மீன் இழுக்கும்போது நூல் வெளியேறாமல் அறுந்துபோகும்.